எங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரியில் கொதிக்கும்

2022 ஜூலை. கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான்.

"டீச்சர், மேட்டுப்பாளையத்துல எங்க அத்தை வீட்டுல வெறும் சட்டியிலயே பருப்பு வெந்துடுது. இங்க அம்மா குக்கர் இல்லாம வேக வெச்சா மத்தியானம் ஆயிடுது. ரெண்டு ஊர்லயும் தண்ணி நூறு டிகிரியிலதானே கொதிக்குது? அப்புறம் ஏன் டீச்சர்?"

"அதெல்லாம் போர்ஷன்ல இல்லப்பா, உக்காரு. நோட்ஸ் முடிக்கணும்."

உட்கார்ந்துவிட்டான். முகத்தில் வருத்தம்கூட இல்லை. இப்படித்தான் சொல்வார்கள் என்று முன்பே தெரிந்த முகம். நான் அடுத்த வரியை எழுதினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் துவரம்பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு மூடும்போதுதான் உறைத்தது. இந்த மலைக்கு வந்து 16 வருடம். வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா, "இங்க குக்கர் இல்லாம ஒண்ணும் வேகாது டீச்சர்" என்று சொல்லி என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து தினமும் அந்தக் குக்கரில் சமைக்கிறேன். தினமும் பள்ளிக்குப் போய் 100 என்று எழுதுகிறேன். இரண்டையும் ஒருநாள்கூடச் சேர்த்து யோசித்ததில்லை. அந்தப் பையன் யோசித்திருக்கிறான். இரண்டு ஊரைப் பார்த்து, வித்தியாசத்தைக் கவனித்து, புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்று கண்டு, எல்லார் முன்னாலும் எழுந்து கேட்டிருக்கிறான். அறிவியல் ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. அதை நான் உட்கார வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. கேள்விக்குப் பதில் தெரியாமல் இல்லை. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும்; குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்டுகிறது. கல்லூரியில் படித்ததுதான். எனக்கு என்ன ஆகிவிட்டது என்பதுதான் உறுத்தியது.

விருதுநகர் பக்கத்திலிருந்து 2006இல் பட்டதாரி ஆசிரியராக மலையேறியவள் நான். முதல் இரண்டு மூன்று வருடங்கள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது. திங்கள் எப்போது வரும் என்று இருக்கும். வகுப்பில் ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருந்தார்கள். 1964 சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. அந்த நாளில் ஒவ்வொருவர் வீட்டிலும் எந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டு திரிவேன். லென்ஸை எடுத்துக்கொண்டு போய்த் தேயிலைக் கொழுந்தின் அடியில் உள்ள ரோமத்தைக் காட்டுவேன்.

அது எப்போது போயிற்று என்று தேதி சொல்ல முடியாது. ஒரு வருடம் ஒரே உதாரணத்தை மூன்று பிரிவுகளுக்கும் சொன்னேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கும் இடம் எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. பிறகு அவர்கள் சிரித்தார்களா என்று பார்ப்பதையும் விட்டுவிட்டேன். வாய் பாடம் நடத்தும், மனசு பஸ் ஸ்டாண்டில் நிற்கும். கொரோனாவில் பள்ளி பூட்டிக்கிடந்தபோது, திறந்தால் பழைய சந்தோஷம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ளவர்கள் முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. இரண்டு வாரம்தான். அப்புறம் மறுபடி பஸ் ஸ்டாண்டு.

இதற்குப் பெயர் இருக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து, வேலையில் மனம் எரிந்துபோவதை அளக்க ஒரு வினாநிரல் உருவாக்கினார். அதில் மூன்று கூறுகளைப் பிரித்தார். ஒன்று களைப்பு. இரண்டாவது, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களிடமிருந்து விலகிப்போவது, அவர்களை ஆளாகவே பார்க்காமல் போவது. மூன்றாவது, நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம்.

எல்லாரும் முதலாவதைத்தான் பேசுகிறார்கள். களைப்பு கண்ணுக்குத் தெரியும், விடுமுறை கேட்கும். எனக்கு வந்தது இரண்டாவது. நம் மொழியில் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்குச் சொல்லியிருக்கும் நான்கு உவமைகளில் ஒன்று மடற்பனை. தானாகப் பழம் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஏறிப் பறிக்க விடாது. பனங்காட்டு ஊரில் பிறந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிமரத்தைச் சுற்றி மட்டைகள் கருக்கோடு நிற்கும் பனையில் ஏறப் போய்த் தொடையைக் கிழித்துக்கொண்ட பையன்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். நான் பாடம் நடத்தாமல் இருந்ததில்லை. போர்ஷனை ஒரு வருடமும் மிச்சம் வைத்ததில்லை. பழம் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஏறி வந்த பையனைத்தான் கருக்கு கிழித்தது.

மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி, "நேத்து நீ கேட்டது நல்ல கேள்விப்பா. நான் பதில் சொல்லாம விட்டது தப்பு. வெள்ளிக்கிழமை அளந்து பாத்துடலாம்" என்றேன். 16 வருடத்தில் வகுப்பின் முன்னால் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆய்வக அலமாரியைத் திறந்தேன். நான்கு பீக்கர், நான்கு முக்காலி, கம்பிவலை, ஸ்பிரிட் விளக்கு, சிவப்புக் கோடு ஏறும் தெர்மாமீட்டர் நான்கு. எல்லாவற்றிலும் தூசு. நான்கு குழுவாகப் பிரித்தேன். ஜன்னல் ஓரத்துக் குழுவுக்குக் காற்றில் விளக்கு ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பெண் அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சூடேறக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் நிற்பது எனக்கே புதிதாக இருந்தது.

70, 80, 90. அப்புறம் கோடு மெதுவாக ஏறியது. 93. குமிழி பெரிதாக வந்து உடைய ஆரம்பித்தது. ஒரு குழு "93.5" என்றது. இரண்டு குழுக்கள் "94" என்றன. நான்காவது குழுவில் ஒரு பையன், "97 டீச்சர்!" என்று கத்தினான். எல்லாரும் அங்கே ஓடினார்கள். கொஞ்ச நேரம் யார் சரி என்று சண்டை. ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இவன் தெர்மாமீட்டர பீக்கரோட அடியில முட்ட வெச்சிருக்கான்" என்றாள். தூக்கிப் பிடித்தார்கள். கோடு இறங்கி 94க்கு வந்து நின்றது.

"இன்னும் தீயைக் கூட்டினா ஏறுமா?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டு விளக்கை ஒரே பீக்கரின் அடியில் வைத்தோம். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவியாகப் போயிற்று. கோடு அசையவில்லை.

எனக்குள் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்ல? கொதிநிலை குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் பள்ளி இருக்கும் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அந்தக் குறைச்சல் முழுவதும் ஒரு சிவப்புக் கோடாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அதை முதல் தடவையாகப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மணி அடித்தபோது எரிச்சல் வந்தது.

ஒரு பெண் மட்டும் கவலையாக வந்து, "பரீட்சையில எத எழுதறது டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி. கடல்மட்ட அழுத்தத்தில் 100 என்று எழுது, எங்க ஊர்ல அளந்தா 94 என்று பக்கத்தில் சேர்த்து எழுது என்றேன்.

கேள்வி கேட்ட பையன் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனான். தெர்மாமீட்டரை அட்டைப்பெட்டியோடு துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். அரவேணு, குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அவ்வளவு வளைவிலும் மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறான். மத்தியானம் அத்தையின் போனிலிருந்து கூப்பிட்டான். "99 டீச்சர்! ரெண்டு தடவ பாத்துட்டேன்!" மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம். திங்கட்கிழமை வகுப்பே சேர்ந்து கணக்குப் போட்டது. 1,475 மீட்டர் ஏறினால் 5 டிகிரி குறைகிறது. 295 மீட்டருக்கு ஒரு டிகிரி. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்றுதான் பெரிய புத்தகங்களிலும் இருக்கிறது என்று காட்டினேன். "அப்ப ஊட்டியில?" 2,240 மீட்டர். பெருக்கி வகுத்து 92, 93 என்று அவர்களே சொன்னார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டருக்கும் போட்டார்கள். நிறுத்த முடியவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், என்னோடு வேலை செய்கிற, என்னைவிட இளைய ஆசிரியர்கள் சிலர் "எப்படிக்கா மறுபடி ஆர்வம் வந்துச்சு?" என்று கேட்பதுதான். ஓய்வு எடுங்கள், யோகா செய்யுங்கள் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். ஓய்வு கட்டாயம் வேண்டும். குளிரில் நாள் முழுக்கக் கத்தினால் தொண்டை போய்விடும், அதற்கு வெந்நீரும் தூக்கமும் தவிர வேறு மருந்து இல்லை. ஆனால் என் அனுபவத்தில் மே மாத விடுமுறை களைப்பைத்தான் போக்கியது. பிள்ளைகளிடமிருந்து விலகிப்போன மனசை அது திருப்பிக் கொண்டுவரவில்லை. நான் நடத்தும் பாடத்தில் எனக்கே ஏதாவது பார்க்கக் கிடைத்தபோதுதான் அது வந்தது. பிள்ளைகள் என்ன யோசிக்கிறார்கள் என்று கேட்கும் ஆசை அதன் பின்னாலேயே வந்தது.

சரி, வந்ததைத் தக்கவைப்பது எப்படி? இதில்தான் தடுமாறினேன். 94 டிகிரி போல ஒரு நாள் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் கிடைக்கும். மற்ற நாட்களுக்கு என்ன செய்வது?

பக்கத்து வகுப்புத் தமிழாசிரியையிடம் உதவி கேட்டேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பீரியடு உட்காருங்கள், நான் சரியாக நடத்துகிறேனா என்று பார்க்க வேண்டாம், யாரிடம் கேள்வி கேட்கிறேன் என்று மட்டும் கோடு போடுங்கள் என்றேன். முடிந்ததும் தாளைக் கொடுத்தார். 23 கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் 17, இடதுபக்க முன் பெஞ்சில் இருக்கும் அதே ஐந்து பிள்ளைகளிடம். "பிள்ளைங்க வாய் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்களே பதில் சொல்லிடறீங்க டீச்சர்," என்றார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிப்பது நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். நமக்கு அப்படி ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரு தோழியும் ஒரு தாளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பதிலை நானே சொல்லிவிடுகிறேன் என்றாரே, அது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பதிலே இல்லாமல் போவது குறைகிறது, அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி என்று படிக்கும்போது சின்னதாகத் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள், ஒரு யுகம். முதல் வாரம் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான்காவது நாள், அதுவரை என்னிடம் வாய் திறக்காத ஒரு பெண், ஜார்கண்ட் குடும்பம், தட்டுத்தடுமாறித் தமிழில், "ஐஸ் மேல தண்ணி ஏன் மிதக்குது இல்ல, தண்ணி மேல ஐஸ் மிதக்குது?" என்றாள். அவளே சொல்லி அவளே திருத்திக்கொண்டாள். நான் எண்ணுவதை மறந்து போனேன்.

கவனம் சிதறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறொன்று இருந்தது. அதைக் காட்டியவர் என் மாணவன் ஒருவனின் பாட்டி. தோட்டத்தில் 30 வருடம் கொழுந்து பறித்தவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். வழியில் ஒரு தோட்டம் மொட்டையாக, குச்சி குச்சியாக நின்றது. பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றேன். "கவாத்து வெட்டியிருக்கு டீச்சர். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டலேன்னா செடி மரமாப் போயிடும். கொழுந்து மேல இருக்கும், கை எட்டாது" என்றார்.

வீட்டுக்கு வந்து என் ஒரு வாரத்தை எழுதிப் பார்த்தேன். 45 நிமிட வகுப்பில் பாதிக்கும் மேல் நோட்ஸ் சொல்வதிலும் பலகையில் எழுதுவதிலும் போகிறது. நான் சொல்கிறேன், அவர்கள் எழுதுகிறார்கள், ஒருவரும் யோசிக்க வேண்டியதில்லை. அதை வெட்டினேன். பாடம் முடிந்ததும் கடைசி ஏழு எட்டு நிமிடத்தில் புரிந்ததை அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும் என்றேன். முதல் மாதம் நோட்டுகள் மோசமாக இருந்தன. இரண்டு பெற்றோர்கள் வந்து கேட்டார்கள். காலாண்டில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது, எனக்கும் பயம்தான். கவாத்து வெட்டிய வருடம் கொழுந்து குறையும் என்று பாட்டி சொல்லியிருந்தார். அரையாண்டில் தலை தூக்கிவிட்டது. இப்போது அந்த நோட்டுகளைத் திருத்துவது எனக்குப் பிடித்த வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது. முன்பு முப்பது நோட்டிலும் என் குரலையே திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சின்னப் பழக்கம். நாளுக்கு ஒரு கேள்வி, எந்தப் பிள்ளை கேட்டது என்று தேதியோடு ஒரு 80 பக்க நோட்டில் எழுதுகிறேன். கேள்வி வராத நாளில் "இன்று ஒன்றும் இல்லை" என்று எழுத வேண்டும். அப்படி எழுதக் கை கூசுகிறது. அதனாலேயே காது கொஞ்சம் கூர்மையாகிவிட்டது.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். ஆர்வம் குறைந்தது ஆசிரியரின் குற்றம் என்று யாராவது இதைப் படித்து முடிவுகட்டினால் அது அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த எரிந்துபோதலைத் தன் நோய் வகைப்பாட்டில் குறித்தபோதே, அது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. பணியிடம் என்பதுதான் அதில் முக்கியமான சொல். காலையில் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் வருகைப்பதிவு, நெட்வொர்க் கிடைக்காத மலை முகட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது, வங்கிக்கணக்கு விவரம், உதவித்தொகை விவரம், அதே விவரத்தை மறுபடி வேறு படிவத்தில் கேட்பது. ஒரு வருடம் முழுக்கக் கணக்குக்கு ஆள் இல்லாமல் நானே இரண்டு வகுப்புக்குக் கணக்கும் எடுத்தேன். அந்த வருடத்தில் எந்தப் பழக்கமும் என்னைக் காப்பாற்றவில்லை. காலியிடத்துக்கு ஆள் வந்தபிறகுதான் மூச்சு வந்தது. மூன்று விநாடி காத்திருக்கச் சொல்கிறவர்கள் அந்த மூன்று விநாடியை ஆசிரியருக்கு முதலில் கொடுக்க வேண்டும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

அந்தப் பையன் இப்போது குன்னூரில் ஐடிஐ படிக்கிறான். ஏசி மெக்கானிக் பிரிவு. போன தீபாவளிக்கு வந்தபோது, அழுத்தத்தைக் குறைத்தால் ஏசிக்குள் ஓடும் குளிர்விக்கும் திரவம் எந்த வெப்பத்தில் கொதிக்கும் என்று எனக்கே அரை மணி நேரம் பாடம் நடத்தினான். நான் இடையில் பேசவில்லை.

இந்த வருட ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், மூன்று மணிக்கு மேல்தான் பனிமூட்டம் ஏன் பள்ளத்திலிருந்து ஏறி நம் ஜன்னலுக்கு வருகிறது, காலையில் ஏன் வருவதில்லை என்று கேட்டாள். எனக்குப் பாதிதான் தெரியும், அதைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு தெர்மாமீட்டர் கட்டியிருக்கிறோம். ஒன்றின் குமிழில் ஈரத்திரி சுற்றியிருக்கிறது, மற்றொன்று சும்மா. காற்று காய்ந்திருந்தால் திரியின் ஈரம் ஆவியாகி அது குறைவாகக் காட்டும்; காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகக் காட்டும். மணிக்கு ஒருவர் போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். நேற்று மத்தியானம் ஒரு மணிக்கு உலர்ந்தது 21, ஈரம் 18. மூன்றரைக்கு எதிர்ப்பக்க மலை மறைந்துவிட்டது, இரண்டுமே 17. "டீச்சர், ரெண்டும் ஒண்ணாயிடுச்சு" என்று அவள் ஜன்னலிலிருந்தே கத்தினாள். நாளைக்கு வேனில் முதலில் வந்து இறங்குகிறவர் எட்டேகாலுக்குப் பார்த்து எழுத வேண்டும். திரிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் முறை.